கடல் விருந்துக்கு வந்த படம்

டெகோவே,
அன்லோகா வழி.
ஆகஸ்ட் 3.

அன்பு மகள் என்யோனத்துக்கு அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி எழுகிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். ஹாலிஃபாக்ஸில் இப்போதாவது கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போக முடிகிறதா. இங்கே உன் அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, வெங்காயப் பாத்திக்குக் குடம் சுமக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை ஒரு வாரம் கேட்டார், எட்டாம் நாள் குடமும் கையுமாகப் பிடித்தேன், பாதிக் குடம்தான் என்கிறார். உன் தம்பி செலோம் லோமே பக்கம் லாரி ஓட்டுகிறான், மாதம் ஒரு முறை வந்து அக்ப்ளே களிப் பானையை வழித்துவிட்டுப் போகிறான். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வீட்டில் இப்போது நாங்கள் நான்கு பேர். உன் அறையில் யாவா என்கிற பெண்ணும் அவளுடைய ஐந்து வயது மகள் ஃபாஃபாவும் இருக்கிறார்கள். யாவாவுக்கு இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது, பாயில் படுக்க முடியாது, அதனால் உன் கட்டிலை அவளுக்குக் கொடுத்தேன். ஃபாஃபா என்ற பெயர் உனக்கு நினைவிருக்கும். அங்கே நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூட நடைவழியில் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறாயே, அந்தப் படத்தை வரைந்தவள்தான்.

இதைப் போனில் சொல்ல நான்கு தடவை பார்த்தேன். நான் தொடங்கினாலே நீ பரவாயில்லம்மா என்பாய், எனக்கும் அது போதும் போல ஆகிவிடும். சபை மூப்பரின் மருமகள் அடுத்த வாரம் அங்கே வருகிறாள், அவள் கையில் வறுத்த மரவள்ளிக் காரியும் உலர்ந்த இறாலும் ஒரு சீசா மிளகாய்த் தொக்கும் கொடுத்து அனுப்புகிறேன், இந்தக் காகிதமும் அதோடுதான் வருகிறது. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் போன் செய்.

பிப்ரவரியில் நீ ஆறு பக்கம் எழுதி அனுப்பினாய், சின்னப் பிள்ளைகளின் கை மட்டுமல்ல, யோசனையும் சேர்ந்து வரையும்படி செய்வது எப்படி என்று. அதைப் படித்ததும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இருபத்தெட்டு வருடமாக மழலை வகுப்பில் வெள்ளிக்கிழமைதோறும் நான் போர்டில் ஒரு வீடு போடுவேன், சதுரத்தின் மேல் முக்கோணம், இரண்டு ஜன்னல், பக்கத்தில் ஒரு தென்னை, மூலையில் சூரியன். பிள்ளைகள் பார்த்து வரைவார்கள், கோணல் இல்லாமல் வரைந்தவர்களுக்குச் சரி போடுவேன். நம் ஊரில் முக்கோணக் கூரை எத்தனை வீட்டுக்கு இருக்கிறது என்று ஒரு நாளும் நான் திரும்பிப் பார்த்ததில்லை. உன் தாள்களை உன் அப்பாதான் கடையில் கொடுத்து அச்செடுத்து வந்தார், மேஜையில் போட்டுவிட்டு, "இத்தன வருஷமா ஒரே வீட்டக் கட்டிக் குடுத்த கொத்தனாரம்மா நீ, மக வேற பிளான் அனுப்பிச்சிருக்கா, கட்டித்தான் பாரேன்" என்றார். அந்த வீம்பில்தான் தொடங்கினேன், ஆசையில் இல்லை.

முதல் நாள் நீ எழுதியிருந்த கிறுக்கல் முறை. ஒவ்வொருவர் தாளிலும் நானே கண்ணை மூடிக்கொண்டு ஒரு வளைகோடு இழுத்துக் கொடுத்து, இதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது, கண்டுபிடித்து முடியுங்கள் என்றேன். தாள் என்ன தாள், பழைய காலண்டரின் பின்பக்கமும் சிமெண்டுப் பையின் உள்பக்கமும்தான், அடுப்புக்கரிதான் பென்சில். ஐம்பத்து மூன்று பேரும் கல்லாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண், "மேடம், போர்டுல ஒண்ணும் இல்லையே, எதப் பாத்து வரையறது" என்று கேட்டே விட்டாள். ஒரு பையன் வெறும் போர்டை வரைந்து நீட்டினான். மூன்று வாரம் அப்படித்தான் போயிற்று. நான் உன்னைத் திட்டிக்கொண்டே விடாமல் செய்தேன். பிறகு இரண்டு பொருளை ஒன்று சேர்க்கிற பயிற்சி கொடுத்தேன், ஆடும் படகும் என்று. அன்றைக்கு ஏதோ ஒரு தாழ்ப்பாள் திறந்துகொண்டது. ஒருவன் ஆட்டின் முதுகில் பாய்மரம் கட்டினான், ஒருத்தி படகுக்கு மடி வைத்து மூன்று மீன்களைப் பால் குடிக்க விட்டாள். அடுத்து எறும்பின் கண்ணால் சந்தையைப் பார்த்து வரையச் சொன்னேன், தாள் முழுக்கக் கால்களாக வந்தது, செருப்பின் அறுந்த வாரைக்கூட ஒருத்தி விடவில்லை. என்யோ, நான் வகுப்பறையில் வாய்விட்டுச் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று. ஹெட்மாஸ்டர் அஹியாபோர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அப்லா மேடம், இது பள்ளிக்கூடமா சந்தையா" என்றார், ஆனால் அவர் முகத்திலும் சிரிப்புதான்.

நீ அனுப்பியதில் ஆறாம் பக்கம் ஒன்று இருந்தது. பிள்ளை வரைந்து முடித்ததும் பக்கத்தில் உட்கார வேண்டும். இது என்ன என்று கேட்கக் கூடாது, நன்றாக இருக்கிறது என்றும் உடனே சொல்லக் கூடாது, இதைப் பற்றிச் சொல்லு என்று மட்டும் கேட்டு, பிள்ளை சொல்வதைப் பிள்ளையின் வார்த்தையிலேயே படத்தின் கீழே எழுத வேண்டும். அடியில் கோடு போட்டு, அம்மா இதை விட்டுவிடாதே என்று எழுதியிருந்தாய். நான் அதை விட்டுவிட்டேன். ஐம்பத்து மூன்று பேரிடம் எப்போது உட்காருவது, மகள் இருக்கிற நாட்டில் ஒரு டீச்சருக்கு எட்டுப் பிள்ளைகள், அவளுக்கென்ன, எழுதிவிடுவாள் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். ஐந்து பக்கம் செய்தது போதும் என்று பட்டது. பிள்ளைகள் வரைந்ததை நானே பார்த்து, நானே இது இன்னது என்று முடிவு செய்து, தூக்கிக் காட்டிக் கைதட்ட வைத்தேன்.

ஜூன் முதல் வாரம், கடல் ஏறி வரும் காலம் உனக்குத் தெரியுமே, அப்போது 'இப்படி நடந்தால்' என்கிற பயிற்சிக்கு நானே ஒரு கேள்வி கண்டுபிடித்தேன். கடல் உங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தால் அதை எங்கே உட்கார வைப்பீர்கள் என்று கேட்டேன். இந்தக் கேள்வியை யோசித்ததற்காக அன்று காலையிலிருந்து எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. நாற்காலியில் கால்மேல் கால் போட்ட கடல் வந்தது, அக்ப்ளே தின்று ஏப்பம் விடும் கடல் வந்தது. ஃபாஃபாவுடையது வேறாக இருந்தது. அவள் அதிகம் பேசாத பெண், அப்பா அபிஜான் பக்கம் மீன்பிடிக்கப் போய் ஒரு வருடமாகிறது, அம்மா யாவா மீன் புகை போட்டு விற்பவள். மேஜை மேல் கட்டில், கட்டில் மேல் இரண்டு பேர், கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும் பானை, சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து மேலே கிளை கிளையாகப் பிரிந்து கூரை வரை போகும் ஒரு மரம், மரத்தடியில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு பொம்பளை, அவளைச் சுற்றி மூன்று கம்பு. நான் மெய்மறந்துவிட்டேன். இந்த வயதில் சுவருக்குள் மரம் முளைக்க வைக்கிறாளே, கடல் வந்த சந்தோஷத்தில் அம்மாவை ஆட வைக்கிறாளே என்று படத்தைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே விளக்கம் சொன்னேன். அவள் என் துணியைப் பிடித்து இழுத்து, "மரம் இல்ல மேடம்" என்றாள். சரி சரி, ரொம்ப நல்லா இருக்கு, போய் உக்காரு என்றேன். பள்ளி விட்டதும் மறுபடி மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வருகைப் பதிவேட்டை முடிக்க வேண்டியிருந்தது, நாளைக்குச் சொல்லும்மா என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் நானும் கேட்கவில்லை, அவளும் மேஜைப் பக்கம் வரவில்லை.

ஹெட்மாஸ்டர் படத்தைத் தன் அறையில் மாட்டினார், கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, ஃபாஃபாவைக் கூப்பிட்டுத் தலையைத் தடவினார். நானும் உனக்குப் போட்டோ அனுப்பினேன். நீ உடனே கேட்டாய், அவளிடம் உட்கார்ந்து கேட்டாயா, அவள் என்ன சொன்னாள் என்று. நான் உனக்குப் பொய் எழுதினேன். கடல் விருந்தாளியா வந்துச்சு, அது உக்கார எடம் வேணும்னு கட்டிலத் தூக்கி மேஜ மேல போட்டோம், செவுத்துல ஒரு மரம் மொளச்சுது, அம்மா ஆடுனாங்க, இப்படி ஃபாஃபா சொன்னதாக எழுதினேன். அதில் ஒரு சொல்லும் அவளுடையது இல்லை. ஆறாம் பக்கத்தை விட்டுவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம், இதைவிடப் பெரிய காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. நீ அதை மொழிபெயர்த்துப் படத்தின் கீழே அச்சடித்து மாட்டிவிட்டு, அம்மா, என்னோட வேல பாக்கறவங்க எல்லாம் உன்னப் பத்தித்தான் பேசறாங்க என்று எழுதினாய். அந்த வாரம் முழுவதும் நான் சந்தைக்குப் போகும்போதுகூட நிமிர்ந்து நடந்தேன்.

படம் வரைந்த ஒன்பதாம் நாள் காலை மணி அடிக்கிற நேரம், யாவா வீட்டுக் கடற்பக்கச் சுவர் விழுந்தது. ஃபாஃபா சீருடை மாட்டிக்கொண்டிருந்தாளாம். யாவா அவளை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டாள், தான் வெளியே வர நேரமில்லை. பக்கத்து வீட்டு ஆண்கள் கல்லைப் புரட்டி அவளை எடுத்தார்கள், உன் அப்பாவும் வெங்காயப் பாத்தியிலிருந்து ஓடினார். நான் போய்ச் சேர்ந்தபோது சுவர் இல்லாத வீடு திறந்து கிடந்தது. மேஜை மேல் கட்டில். கூரைக் கட்டையில் கயிறு, கயிற்றில் பானை. மற்ற சுவர்களில் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை. மிஞ்சியிருந்த பக்கச் சுவரில் தரையிலிருந்து கூரை வரை கிளை கிளையாக விரிசல். முட்டுக் கொடுத்திருந்த மூன்று கட்டைகள் முறிந்து கிடந்தன. ஐந்து வாரமாகக் கடல் அந்த வீட்டுக்குள் வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது என்யோ. யாவா பகலில் மீன் புகை போட்டுவிட்டு வந்து கையால் கட்டைகளை நிமிர்த்தி நிமிர்த்தி வைத்திருக்கிறாள். கைதட்டல் வாங்கிய அந்த நடனம் இதுதான்.

ஆஸ்பத்திரியில் யாவாவுக்கு நினைவு தெளிந்த மூன்றாம் நாள் போனேன். ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை, போன வருடம் மூன்று குடும்பத்துக்குப் பள்ளியின் பழைய சாமான் அறையைத் திறந்துவிட்டோமே, சாவி ஹெட்மாஸ்டரிடம்தானே இருக்கிறது என்று கேட்டேன். கேட்கிற தகுதி எனக்கு உண்டா என்று அப்போது யோசிக்கவில்லை. அவள், "எப்படி மேடம் சொல்றது, பாப்பாவோட அப்பா திரும்பி வந்து செவுத்தக் கட்டித் தரேன்னு போனவரு, நான் வெளிய வந்து நின்னா அவரு ஓடிட்டாருன்னு என் நாத்தனாரே பாட்டுக் கட்டுவா" என்றாள். அப்புறம், "பாப்பாதான் சொல்லிட்டே இருந்தா. அம்மா, நான் மேடத்துக்கு வரைஞ்சு காட்டிட்டேன், எல்லாரும் கை தட்டுனாங்க, பெரிய ஆபீசர் போட்டோ எடுத்துட்டுப் போயிருக்காரு, ஆளுங்க வருவாங்க, கட்டய விடும்மான்னு. நான்தான் வாய மூடுடி, வீட்டு விஷயத்த வெளிய வரஞ்சியான்னு அடிச்சேன்" என்றாள். என்னைக் குறை சொல்கிற குரலே இல்லை அதில். குறை சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்தக் குழந்தை ஒன்பது நாள் ஆட்களை எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்திருக்கிறாள், நான் அதைப் பாராட்டுக்கு ஏங்கும் பார்வை என்று நினைத்தேன்.

அன்று மாலையே ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய்ப் படத்தைக் கழற்றினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் படம் தொங்கிய ஆணியைப் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டு, "நானும்தான் தினம் பாத்தேன் அப்லா" என்றார். படத்தை யாவாவிடம் கொடுத்தேன். அவள் அதை மார்பில் வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவிப் பார்த்து, "மூணாவது கட்டய நான் சாச்சு வச்சிருந்தேன், அதக்கூடச் சாச்சே போட்டிருக்கா" என்றாள். ஃபாஃபா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது ஆறாம் பக்கத்தைச் செய்கிறேன். ஐம்பத்து மூன்று பேரிடமும் ஒரே நாளில் முடியாது, ஆறு நாளைக்கு ஒரு முறை ஒவ்வொருவர் முறை வரும்படி வைத்துக்கொண்டேன், மீதிப் பேரை ஹெட்மாஸ்டரே வந்து பார்த்துக்கொள்கிறார், பாட்டுச் சொல்லித் தருகிறார், அவர் குரலைக் கேட்டுக் காகமே பறந்துவிடும். எல்லாப் படத்துக்குள்ளும் துன்பம் இருக்கிறது என்று நினைத்துவிடாதே, நானும் முதல் வாரம் அப்படிப் பயந்தேன். ஒரு பையன் தன் அம்மாவுக்கு வாயே போடவில்லை. இதைப் பற்றிச் சொல்லு என்று மெதுவாகக் கேட்டேன். "அம்மா சோளக் கெங்கி தின்னுட்டிருக்காங்க மேடம், வாய் முழுக்க கெங்கி" என்றான். அப்படியே எழுதிக் கொடுத்தேன். இன்னொருத்தியின் படத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் ஒளிந்திருந்தான், கேட்டதில் அது அவள் அண்ணன், பாத்திரம் கழுவப் பயந்து ஒளிந்தவன். கேட்டால்தான் தெரிகிறது என்யோ, சிரிப்பும் கேட்டால்தான் தெரிகிறது. கல்வி அலுவலகத்துக்கும் எழுதிப் போட்டேன், அந்தப் போட்டோவைப் பயிற்சி முகாமில் காட்டப் போவதாகக் கேள்விப்பட்டதால், காட்டுவதானால் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று.

ஃபாஃபா ஆறு வாரம் ஒன்றும் வரையவில்லை. கரியைக் கையில் வைத்தால் வாங்கிக்கொள்வாள், கொஞ்ச நேரம் கழித்து ஒரு கோடும் இல்லாத தாளோடு பத்திரமாகத் திருப்பித் தருவாள். நான் ஒரு நாள் உன் அறையில் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, நீ என்னிடம் சொல்ல வந்தாய், நான் கேட்கவில்லை, அது என் தப்பு, உன் தப்பு இல்லை என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா எப்ப நடப்பாங்க" என்று மட்டும் கேட்டாள். போன செவ்வாய்க்கிழமை அவளாகவே சமையலறையில் உட்கார்ந்து ஏதோ வரைந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, இதைப் பற்றிச் சொல்றியா என்றேன். "சொல்ல மாட்டேன்" என்றாள். சரி என்றேன். தாளை நான்காக மடித்துத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். அது என்னவென்று எனக்குத் தெரியாது, இனித் தெரியாமலே போனாலும் போகட்டும். யாவா கம்பு ஊன்றி வாசல் வரை வருகிறாள், புகை அடுப்பு முன்னால் நிற்க இன்னும் ஆறு மாதம் ஆகும் என்கிறார்கள், முன் போல நிற்பாளா என்று டாக்டர் சொல்லவில்லை. அவள் புருஷனுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறோம். அதுவரை உன் அறை அவர்களுக்கு. நீ வேண்டாம் என்று சொல்ல மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ அங்கே செய்ய வேண்டியது ஒன்று. அந்தப் படத்துக்குக் கீழே இருக்கிற வார்த்தைகளை எடுத்துவிடு. அவை ஃபாஃபாவுடையவை அல்ல, உன் அம்மா அவள் வாயில் வைத்தவை. படத்தையும் இறக்கிவிடு, அதை மாட்டலாமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. உன்னோடு வேலை பார்ப்பவர்களிடம் காரணத்தை மறைக்காமல் சொல். உனக்கு அது தலைகுனிவுதான், என்னால் வந்தது, என்னை மன்னிக்க முடிந்தால் மன்னித்துக்கொள்.

இதை எழுதும்போது இன்னொன்றும் வந்து நிற்கிறது. உனக்கு ஆறு வயது, கிறிஸ்துமசுக்கு வாங்கிக் கொடுத்த புது வண்ணக்குச்சிகளில் கறுப்பை மட்டும் எடுத்து, ஒரு முழுத் தாளையும் இடைவெளி இல்லாமல் கறுப்பாக்கிக்கொண்டு வந்தாய். குச்சி தீர்ந்து விரல்நுனி அளவே மிச்சம். கரி பூசறதுக்கா இத வாங்கிக் குடுத்தேன் என்று முதுகில் ஒன்று வைத்தேன். நீ அழவில்லை, ஏதோ சொன்னாய். உன் உதடு அசைந்தது நினைவிருக்கிறது, என்ன சொன்னாய் என்பது நினைவில் இல்லை, ஏனென்றால் நான் கேட்கவில்லை. அதற்கப்புறம் நீ நான் போர்டில் போட்ட வீட்டைத்தான் வரைந்தாய், கோணல் இல்லாமல், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சரி வாங்கினாய். அந்தக் கறுப்புத் தாளைப் பற்றி எனக்குச் சொல்லு மகளே. இருபத்தாறு வருடம் பிந்திக் கேட்கிறேன். உனக்கு நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுது. அம்மா மனம் ஆறட்டும் என்று எதையும் இட்டுக்கட்டாதே.

கடவுள் உன் வாசலையும் உன் கையில் வளரும் பிள்ளைகளையும் காக்கட்டும். குளிர் தொடங்கும் முன் நெஞ்சுக்குக் கம்பளி வாங்கிக்கொள், போன வருட இருமல் போதும். உன் அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், பாதிக் குடம்தான் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

என்றும் உன் அம்மா,
அப்லா.